காட்டலும் பார்த்தலும்: ஒட்டாச் சட்டி விளம்பரமும் வாங்குவோர் ஐயமும்

தமிழில் 'பார்' என்னும் வினை கண்ணால் காண்டலை உணர்த்தும் முதல்வினையாக நிற்பதோடு, வினையெச்சத்தின்பின் துணைவினையாய் நின்று ஒன்றனை முயன்று அறிதலையும் உணர்த்தும். 'உண்டு பார்த்தான்', 'கேட்டுப் பார்த்தான்' என்னும் வழக்குகளில் கண்ணுக்கு வேலையில்லை. 'காட்டு' என்பதோ, அவ்வாறே துணைவினையாகுங்கால், பிறர் அறியுமாறு ஒன்றனைச் செய்தலைக் குறிக்கும். 'ஆடிக் காட்டினான்', 'எழுதிக் காட்டினான்' என்பன காண்க. இவை இரண்டும் தம்முள் பகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அஃது அங்காடி. விற்போன் செய்து காட்டுவான். கொள்வோன் செய்து பார்க்க விழைவான். தொலைக்காட்சியில் ஓயாது விளம்பரப்படுத்தப்பெறும் ஒட்டாச் சட்டிகளைப் பற்றி மக்கள் கொண்டுள்ள ஐயத்தை இவ்விரு துணைவினைகளின் வழியே விளங்கிக்கொள்ளலாம் என்பது எம் கருத்து.

இக்கருத்தை எமக்குத் தந்தது நூலன்று, ஓர் அடுக்களை. விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையத்திற்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசற் பகுதியில் ஆலங்குளம் என்னும் ஊர் உள்ளது. தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் வேறு. இது சிமெண்டு ஆலையால் பெயர் பெற்றது. அங்கு எம் உறவினர் இல்லத்தில் ஒருநாள் தொலைக்காட்சியில் ஒருவர் எண்ணெயின்றி முட்டை பொரித்து, அதனைச் சட்டியினின்று வழுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். பின்னர் நாணயத்தால் சட்டியின் உட்புறத்தைச் சுரண்டினார், கீறல் விழவில்லை. அருகிருந்த எம் அத்தையார், "அவன் சுரண்டிக் காட்டுறான் மருமகனே, நாம சுரண்டிப் பாக்க முடியுமா?" என்றார். சிறிது பொறுத்து, "சரி, எத்தன நாளைக்கு உழைக்கும்?" என்றும் வினவினார். இவ்விரு வினாக்களுக்கும் அவ்விளம்பரத்தில் விடை இல்லை.

முதல் வினாவை முதற்கண் நோக்குவோம். நம் மக்கள் பண்டம் கொள்ளுங்கால் வழங்கும் சொற்கள் பெரும்பாலும் 'பார்' என்பதில் முடிவன. மட்பானையைத் தட்டிப் பார்ப்பர். ஒலியில் பிசிறு தோன்றின் கீறல் உண்டென்று ஒதுக்குவர். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பர். நெய்யை முகர்ந்து பார்ப்பர். பொன்னை உரைத்துப் பார்ப்பர். உரைத்தற்குரிய கட்டளைக் கல்லை வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் மாந்தரின் செயலுக்கு உவமையாக்கியிருத்தல் அறிஞர் அறிந்ததே. செவியும் மூக்கும் கையும் சான்று கூறிய பின்னரே பண்டம் வீடு புகும். பட்டினப்பாலை வணிகரின் நடுவுநிலையைப் புகழ்கின்றது; கொள்வோர் அந்நடுவுநிலையை எவ்வாறு சோதித்தனர் என்று அது கூறவில்லை. அதனை இவ்வழக்குச் சொற்களே கூறுகின்றன.

பூச்சுப் பாத்திரம் நமக்குப் புதிதுமன்று. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் தெருத்தோறும் வந்த காலம் நம்மிற் பலர்க்கு நினைவிருக்கும். மண்ணைத் தோண்டிச் சிறு உலை அமைத்துத் துருத்தியால் ஊதிப் பாத்திரத்தைக் காய்ச்சுவர். நவச்சாரத்தை இட்டு அழுக்கு நீக்குவர். வெள்ளீயத் துண்டை உட்புறத்தில் இழைத்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றத் துடைப்பர். வெண்புகை அடங்குமுன் உட்புறம் வெள்ளியென ஒளிரும். பூசுவோர் செய்து காட்டியது இல்லத்தாரின் கண்முன். அதுவும் அவர்தம் பாத்திரத்திலேயே. பூச்சு எங்கேனும் விட்டுப்போயின் அவ்விடத்தைச் சுட்டி மீண்டும் பூசச் சொல்வர். பூச்சுத் தேயும் என்பது இருவர்க்கும் தெரியும்; ஆதலின் அவர் மறுபடியும் வருவார் என்பதும் தெரியும். 'ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்' என்னும் பழமொழி, பூச்சுவேலையை மக்கள் எத்துணைக் கூர்ந்து நோக்கினர் என்பதற்குச் சான்று. இத்தகைய பயிற்சியுடையார் புதிய பூச்சொன்றை ஐயுறுதலை அறியாமை என்று சிலர் எழுதுவது பொருந்தாது.

இனி, தொலைக்காட்சியில் காட்டப்பெறும் சோதனை பொய்யோ எனின், பெரும்பாலும் அன்று. 1938இல் அமெரிக்க வேதியியலார் இராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட பொருளே இப்பூச்சு. பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரிகுவார் 1954இல் அதனை அலுமினியத்தின்மேல் ஒட்டவைக்கும் வழி கண்டார்; 1956இல் டெஃபால் நிறுவனம் தோன்றிற்று. எதனோடும் ஒட்டாத பொருளைச் சட்டியோடு ஒட்டவைத்ததே அவர் திறன். அத்தகைய சட்டி புதிதாயிருக்குங்கால் முட்டை வழுக்கத்தான் செய்யும். மலிவான சட்டியிலும் வழுக்கும். விலை மிக்கதிலும் வழுக்கும். ஆகவே அச்சோதனை நல்ல சட்டியையும் தீய சட்டியையும் வேறு பிரித்து அறிதற்கு உதவாது. காட்டியது உண்மை; எனினும் கொள்வோர் அறிய விரும்பியது அஃதன்று.

அவர் அறிய விரும்பியதை இரண்டாம் வினா உணர்த்துகின்றது. 'உழைத்தல்' என்னும் சொல், பண்டங்களுக்கு வருங்கால், நெடுநாள் நின்று பயன்படுதலைக் குறிக்கும். துணி உழைக்கும், செருப்பு உழைக்கும். பொருளையும் வீட்டில் பாடுபடும் ஓர் ஆளாகக் கருதும் இவ்வழக்கு இனியது. இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது 'பழகுதல்'. புதிய இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவர். எண்ணெய் தடவிக் காய்ச்சுந்தோறும் அவ்வெண்ணெய் வெப்பத்தால் இறுகி மெல்லிய படலமாய்ப் படியும். படலம் ஏற ஏறத் தோசை எளிதில் எழும். இரும்புக்கல் முதல்நாளில் தீயது. பத்தாம் ஆண்டில் நல்லது. பூச்சுச் சட்டியோ முதல்நாளில் மிக நல்லது. அதன் பூச்சு ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கே கனமுடையது. கரண்டியாலும் கடுஞ்சூட்டாலும் நாள்தோறும் குறைவது. முதல்நாளை மட்டும் காட்டும் விளம்பரம் எப்பொருளுக்குத் துணைசெய்யும் என்பது வெளிப்படை. அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைக் காய்ச்சுவோர் அகன்ற வாணலியில் ஓயாது கிண்டியே அடிப்பிடியாமற் காக்கின்றனர். ஒட்டாமை பாத்திரத்தின் இயல்பன்று, கையின் தொழில் என்று அறிந்த நாட்டில் 'தானே ஒட்டாது' என்னும் உறுதிமொழி எளிதில் விலைபோகாது.

ஐயமும் எல்லை கடத்தல் உண்டு. அச்சட்டியில் சமைத்தாலே புற்றுநோய் வரும் என்பார் கூற்றை யாம் ஏற்கவில்லை. இப்பூச்சுத் தொழிலில் முன்னர்ப் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்னும் வேதிப்பொருளைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2023இல் புற்றுநோய்க் காரணிகளுள் வைத்தது மெய்யே. ஆயின் அமெரிக்காவின் பெருநிறுவனங்கள் 2015க்குள் அதனைக் கைவிட்டன. முடிவுற்ற பூச்சில் அது எஞ்சுவதும் மிகச் சிறிது. அஞ்சத்தக்கது வெறுஞ்சட்டியை அடுப்பில் விட்டுவிடுதல். 260 பாகை செல்சியசுக்கு மேற்பட்டால் பூச்சுச் சிதையத் தொடங்கும்; சூடு மேலும் மிகின் எழும் புகை கூண்டுப் பறவைகளைக் கொல்லும். முட்டையை வழுக்கிக் காட்டுவோர் இதனையும் கூறியிருக்கலாம்.

சட்டம் இவ்விரு துணைவினைகளையும் ஒருவாறு இணைத்துள்ளது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்திற்கு முதன்முறை 10 இலட்சம் உரூபா வரையிலும், மீண்டும் செய்யின் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். பண்டத்தைப் பரிந்துரைப்போர், கூற்றின் உண்மையைத் தக்க கவனத்துடன் ஆராய்ந்திருந்தாலன்றிப் பொறுப்பினின்று நீங்கார். காட்டுவோர் முன்னரே தாம் பார்த்திருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து. எனினும் சட்டம் சொற்களின் உண்மையையே ஆராயும். முதல்நாட் சட்டியைக் காட்டி ஆறாம் மாதத்தை நினையாதிருக்கச் செய்யும் திறம் அதன் கைக்கு எளிதில் அகப்படுவதன்று.

பெயர் பற்றி ஒரு குறிப்பு. இந்தியாவில் இச்சட்டிகளை முதற்கண் பரப்பிய நிறுவனம் 1968இல் அவுரங்காபாத்தில் தோன்றிய 'நிர்லேப்'. பூச்சோ ஒட்டோ இன்மையையும் பற்றின்மையையும் ஒருங்கே குறிக்கும் வடசொல் அது. தமிழிலும் 'பற்று' என்பது உள்ளத்துப் பற்றுக்கும் பாத்திரத்தில் ஒட்டிய சோற்றுக்கும் பொதுவாய் நிற்றல் காண்க. 'பத்துப் பாத்திரம்' எனப் பேச்சில் வழங்குவது 'பற்றுப் பாத்திரம்' என்பதன் திரிபே, எண்ணுப்பெயரன்று. ஈயப்பூச்சோடு தொடர்புடைய சொற்கள் பல அகராதியேறாமலே மறைந்துவருகின்றன. தொழில் அறிந்த முதியோர் இருக்கும்போதே மாணாக்கர் அவற்றைத் தொகுத்தல் நன்று.

அத்தையார் இல்லத்திற்கும் அத்தகைய சட்டி ஒன்று பின்னர் வந்தது; மகன் தொலைபேசியில் சொல்லி வருவித்தது. எட்டுத் திங்களில் நடுவே பூச்சுப் பெயர்ந்தது. சென்ற முறை யாம் ஆலங்குளம் சென்றபோது அது கொல்லையில் கோழிகளுக்கு நீர் வைக்கும் தட்டாய்க் கிடந்தது. "இதுக்கு நல்லா உழைக்குது" என்றார் அத்தையார்.