திருச்சபை தந்த நிலம்



பருவநிலை மாற்றம் என்றவுடன் நம் பங்குகளில் பெரும்பாலும் நினைவுக்கு வருவது மரம் நடு விழாதான். ஜூன் 5-ஆம் நாள் கோவில் வளாகத்தில் ஒரு கன்றை நட்டு, புகைப்படமும் எடுத்துக்கொண்டு கலைந்து விடுகிறோம். (மறுநாள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பது வேறு கதை!) இந்த விஷயத்தில் திருச்சபை எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்குப் பசிபிக் பெருங்கடலிலிருந்து ஓர் உதாரணத்தைச் சற்றே சிந்திப்போம்.

பாப்புவா நியூ கினி நாட்டின் கார்ட்டரெட் தீவுகள், பூகன்வில் பெருந்தீவிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பால் நடுக்கடலில் உள்ளன. அங்குள்ள மிக உயரமான இடமே கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான். கடல்நீர் உட்புகுந்து, மக்களின் அன்றாட உணவாகிய சேப்பங்கிழங்குத் தோட்டங்கள் உப்பேறிப் பாழாயின. ஹுயேனே என்னும் தீவு அரிக்கப்பட்டு இரண்டாகவே பிரிந்துவிட்டது. அங்கே நிலம் தாழ்வதற்கும் இதில் பங்கு இருக்கலாம் என அறிவியலாளர் சிலர் கூறுவதுண்டு. ஆனால் பூமி வெப்பமடைவதால் உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்து வருவதில் ஐயமில்லை. தொழிற்சாலையோ நெடுஞ்சாலையோ இல்லாத மக்கள், பிறர் எரித்த நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் விலை கொடுக்கிறார்கள் என்பதே நம் மனத்தை உறுத்த வேண்டிய செய்தி.

அரசின் உதவிக்குக் காத்திருந்து சலித்த தீவின் பெரியோர்கள், 2006-ஆம் ஆண்டு 'துலேலே பெய்சா' என்னும் அமைப்பை உருவாக்கினார்கள். 'அலைகளில் நாமே பயணிப்போம்' என்பது அப்பெயரின் பொருள். அதே தீவுகளைச் சேர்ந்த அர்சுலா ரகோவா என்ற பெண்மணி அதை வழிநடத்தினார். ஆனால் குடியேற இடம் எங்கே? பூகன்வில்லில் பெரும்பாலான நிலம் குலங்களுக்கு உரிய பரம்பரைச் சொத்து. விலைக்கு வாங்குவது எளிதன்று. பத்தாண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போரிலிருந்து அப்போதுதான் மீண்டு கொண்டிருந்த மண் வேறு.

இந்த நிலையில்தான் அங்குள்ள கத்தோலிக்கத் திருச்சபை, டின்புட்ஸ் உள்ளிட்ட இடங்களில் தன் வசமிருந்த நிலங்களை அம்மக்களுக்கு வழங்கியது. 2009-இல் முதலில் சில குடும்பத் தலைவர்கள் மட்டும் வந்து, காட்டைத் திருத்தி, வீடு கட்டி, தோட்டம் போட்டார்கள். பிறகே குடும்பத்தினர் வந்து சேர்ந்தனர். கொக்கோ பயிரிட்டு வருமானமும் தேடிக்கொண்டார்கள். பத்திரத்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. புதிதாக வருவோர்மீது அவ்வூர் மக்களுக்கு மனத்தாங்கல் வராதிருக்க, இரு தரப்பினரும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்வந்து பழகுவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது.

திருத்தூதர் பணிகள் நூல் 4-ஆம் அதிகாரத்தில், பர்னபா தம் நிலத்தை விற்றுப் பணத்தைத் திருத்தூதர்களின் காலடியில் வைத்தார் என வாசிக்கிறோம். அவரும் ஒரு தீவைச் சேர்ந்தவரே! தொடக்கத் திருச்சபையின் நற்செய்தி அறிவிப்புக்கு இத்தகைய பகிர்வு எவ்வளவு வலுச் சேர்த்தது என்பதை நாம் அறிவோம்.

நிலம் கொடுத்தால் மட்டும் போதாது, குரலும் கொடுக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, கடல் ஏறியதால் வீடிழந்தவரை அகதி என ஏற்பதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். 2009-இல் பசிபிக் பகுதியின் பல்வேறு சபைத் தலைவர்கள் 'மொவானா அறிக்கை' வழியாக, இடம்பெயரும் மக்களின் உரிமைகளுக்காக அரசுகளிடம் வாதாடினர். 2022-இல் திருப்பீடம் பாரிஸ் ஒப்பந்தத்தில் இணைந்தது. அதே ஆண்டு எகிப்தில் கூடிய ஐ.நா. மாநாடு, பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கென இழப்பீட்டு நிதி ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என 2025 ஜூலையில் அனைத்துலக நீதிமன்றமும் கருத்துரைத்தது. வனுவாட்டு என்ற மற்றொரு பசிபிக் தீவு நாடு முன்னின்று எழுப்பிய கேள்விக்கு வந்த பதில் அது.

நம் பங்குப் பேரவை அடுத்த முறை கூடும்போது, கோவில் நிலங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் என்ன? எதில் யாருக்கு இடமளிக்க முடியும் என்று நாம் கேட்டதுண்டா? தான் எதையும் கொடுக்காமல் அரசிடம் 'கொடு' என்று மனு எழுதும் சபையின் சொல்லுக்கு எடை குறைவு என்றே நமக்குத் தோன்றுகிறது.

கார்ட்டரெட் மக்களில் பெரும்பாலோர் இன்னும் தீவுகளிலேயே இருக்கிறார்கள். திருச்சபை தந்த நிலம் இருக்கிறது. அதில் வீடு கட்டப் பணம்தான் போதவில்லை.