நொடிக்கு எட்டாயிரம் முட்டுக்கட்டை

“அபுதாபியில் செயற்கை நுண்ணறிவு ட்ரோன் மனித வீரர்களையே தோற்கடித்துவிட்டதாமே. இனிமேல் என் மகன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ரேசிங் ட்ரோன் செய்து என்ன ஆகப் போகிறது? பேசாமல் நீட் படிக்கச் சொல்லவா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நீட் பற்றி நான் வாய் திறப்பதாக இல்லை. ட்ரோன் பற்றிக் கேட்டதால் மாட்டிக்கொண்டார்.

செய்தி பொய்யில்லை. 2025 ஏப்ரலில் அபுதாபியில் நடந்த போட்டியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ட்ரோன், ஓட்டுநர் இல்லாமல் பறந்து மனித சாம்பியன்களை முந்தியது. அதற்கு முன்பே, 2023இல் ஜூரிக் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்விஃப்ட்’ மூன்று சாம்பியன்களோடு மோதியது. “இயந்திரம் மனிதனை வென்றது” என்று தலைப்பு போட்ட பத்திரிகைகள், 25 பந்தயங்களில் அது ஜெயித்தது 15 என்பதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டன. மீதிப் பத்தில் மனிதன்தான் ஜெயித்தான். போட்டி நடந்தது கூரைக்குக் கீழே, முன்கூட்டியே தெரிந்த பாதையில். அதைவிட எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. ஸ்விஃப்டின் நரம்பு வலை மோட்டாரைத் தொடவே இல்லை. “இவ்வளவு உந்துவிசை கொடு, இந்த வேகத்தில் சுழல்” என்று ஆணை மட்டும் போட்டது. அந்த ஆணையை நான்கு மோட்டாருக்கும் பிரித்துக் கொடுத்து ட்ரோனை விழாமல் பார்த்துக்கொண்டது, வாசகரின் மகன் வாங்கப் போகும் போர்டில் ஓடும் அதே ரகக் கட்டுப்பாட்டு நிரல். ராஜா மாறினாலும் தாசில்தார் மாறவில்லை. டெல்ஃப்ட் குழு அடுத்த படியாக அந்தத் தாசில்தாரையும் வீட்டுக்கு அனுப்பி, நரம்பு வலையை மோட்டாரோடு நேரடியாகப் பேச வைத்தது. அது உண்மையான சாதனை. ஆனாலும் தாசில்தார் யார், என்ன வேலை செய்கிறார் என்று தெரியாமல் அவரை நீக்கியதைப் பாராட்டி என்ன பயன்?

முதலில் சாமான்கள். கார்பன் ஃபைபர் ஃப்ரேம் ஒன்று, மோட்டார் நான்கு, அவற்றுக்கு மின்சாரம் அளந்து கொடுக்கும் ஈ.எஸ்.சி., நடுவில் ஃப்ளைட் கன்ட்ரோலர் என்ற தீப்பெட்டி அளவு போர்டு, கேமரா, படம் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், லித்தியம் பாலிமர் பேட்டரி. ஐந்து அங்குல இறக்கை வைத்தால் பேட்டரியோடு சேர்த்து 600, 700 கிராம் வரும். நான்கு மோட்டாரும் முழு மூச்சில் தூக்கக்கூடியது ஐந்து கிலோவுக்கு மேல். விளம்பரத்தில் காட்டும் மணிக்கு இத்தனை கிலோமீட்டரை விட்டுவிட்டு இந்த விகிதத்தைப் பாருங்கள். பேட்டரி மேல் ‘100 சி’ என்று அச்சடித்திருப்பார்கள். 1500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அதன் பொருள் 150 ஆம்பியர். அதை நம்புகிறவர்கள் ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் “பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்” என்பதையும் நம்புவார்கள். நிஜமாகவே 100 ஆம்பியர் உறிஞ்சினால்கூட ஒரு நிமிடத்துக்குள் பேட்டரி காலி. பந்தயம் மூன்று நிமிடத்தில் முடிவது இதனால்தான்.

ஏன் செய்ய வேண்டும், வாங்கிவிடலாமே என்றால், 2022 பிப்ரவரியில் வெளிநாட்டிலிருந்து முழு ட்ரோன் இறக்குமதி செய்வதை இந்திய அரசு தடை செய்துவிட்டது. உதிரிப் பாகங்களுக்குத் தடையில்லை. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. வணிக நோக்கம் இல்லாமல் மைக்ரோ பறக்கவிட ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

போன வருடம் என் அக்கா மகனோடு உட்கார்ந்து ஒன்று செய்தேன். அவன் சால்டரிங் வைத்தான், நான் குறை சொன்னேன். பேட்டரி ஒயர் தடிமனாக இருப்பதால் சூட்டையெல்லாம் குடித்துவிடுகிறது. ஈயம் உருகி ஓடாமல் திட்டுத்திட்டாக, ஆறிப்போன மெழுகுபோல் நின்றது. பெரிய முனை போட்டுக் காய்ச்சிய பிறகுதான் பளபளவென்று பரவியது. முதன்முதலாகக் கரன்ட் கொடுக்கும்போது பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தோம். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், போர்டு பிழைக்கும். ஒரு கணம் மின்னி அணைந்தது. நல்ல சகுனம்.

மறுநாள் காலை ஊர்க் கண்மாயில் தண்ணீர் வற்றிய பொட்டலில் வைத்து முப்பதடி தள்ளி நின்றோம். அவன் த்ராட்டிலை லேசாகத் தள்ளினான். ட்ரோன் இரண்டு அங்குலம் எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே குட்டிக்கரணம் அடித்து, மல்லாந்து, இறக்கைகளால் களிமண்ணை வாரி இறைத்தது. மொத்தம் அரை நொடிகூட இருக்காது.

“மாமா, நான் ஒண்ணுமே பண்ணல!”

அவன் சொன்னது உண்மை. பண்ணியது போர்டு. அதன் மேல் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அது ட்ரோனின் முன்பக்கத்தைக் காட்ட வேண்டும். யு.எஸ்.பி. ஒயர் செருக வசதி என்று அதைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தோம். மென்பொருளிடம் சொல்லவில்லை. மூக்கு தாழ்ந்தபோது வால் தாழ்வதாக அது நினைத்தது. வாலைத் தூக்கியது. மூக்கு இன்னும் தாழ்ந்தது. ஐயோ வால் இன்னும் தாழ்கிறதே என்று இன்னும் பலமாகத் தூக்கியது. நல்லெண்ணத்துக்குக் குறைவே இல்லை.

இந்த விபத்தில்தான் சமாச்சாரமே இருக்கிறது. விமானத்துக்கு வால் உண்டு. சற்றுத் திரும்பினால் காற்றே அதை நேராக்கும். நான்கு இறக்கை ட்ரோனுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஒரு மோட்டார் ஒரு இழை கூடுதலாகச் சுற்றினாலும் கவிழும். அது பறக்கிறது என்று சொல்வதே ஒரு மரியாதைக்கு. விழுந்துகொண்டே இருக்கிறது, யாரோ பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பிடிக்க வேண்டுமானால் முதலில் சாய்வது தெரிய வேண்டும். அதற்குத்தான் ஜைரோ. பம்பரம்போல் எதுவும் உள்ளே சுற்றுவதில்லை. நான்கு மில்லிமீட்டர் சதுரச் சில்லுக்குள், கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் துணுக்கு ஒன்று நொடிக்குப் பல்லாயிரம் முறை முன்னும் பின்னும் அதிர்கிறது. சில்லு சுழன்றால், கோரியாலிஸ் விசை அந்தத் துணுக்கைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த நூலிழை விலகலை மின்தேக்குத்திறன் மாற்றமாக அளந்தால் சுழற்சி வேகம் கிடைத்துவிடும். உங்கள் கைபேசியிலும் இதுதான் இருக்கிறது. வீட்டு ஈயிடம் அதற்கும் முன்பே இருந்தது. ஈயின் பின்னிறக்கைகள் சுருங்கி இரண்டு சின்னக் கதாயுதங்களாக மாறியிருக்கின்றன. பறக்கும்போது அவையும் அதிர்ந்து இதே விசையைத்தான் உணர்கின்றன. ஈயை அடிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

பந்தய ஓட்டுநர் குச்சியைத் தள்ளும்போது “இத்தனை டிகிரி சாய்” என்று கேட்பதில்லை. “நொடிக்கு இத்தனை டிகிரி வேகத்தில் சுழல்” என்றுதான் கேட்கிறார். கையை எடுத்தால் ட்ரோன் நிமிராது, சாய்ந்தபடியே போகும். கேட்ட வேகம் ஒன்று, ஜைரோ சொல்லும் வேகம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுழியமாக்குவதுதான் தாசில்தாரின் வேலை. அதற்கு அவர் வைத்திருக்கும் சூத்திரத்துக்கு பி.ஐ.டி. என்று பெயர்.

தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர் வீதியின் நடுவில் போக வேண்டும். இடது பக்கம் ஒதுங்கினால் வலது வடத்தை இழுக்கிறார்கள். அதிகம் ஒதுங்கினால் அதிகம் இழுப்பு. பிழைக்கு ஏற்ற இழுப்பு, அதுதான் பி. பி மட்டும் இருந்தால் என்ன ஆகும்? நடுவுக்கு வந்த தேர் அங்கே நிற்காது. வந்த வேகத்தில் வலது பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போகும். பிறகு இடது திண்ணைக்கு. புது ட்ரோன் காற்றில் கிடுகிடுவென நடுங்குவது இந்தத் திண்ணைப் பயணம்தான்.

சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து ஓடுகிறவர் கையில் முட்டுக்கட்டை இருக்கிறது. தேர் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பது அவர் கவலையே இல்லை. எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை மட்டும் பார்க்கிறார். வேகம் கூடினால் கட்டையைச் செருகுகிறார். அவர்தான் டி. ஊரில் யாராவது காரியத்தைக் கெடுத்தால் “முட்டுக்கட்டை போடுகிறான்” என்று திட்டுகிறோம். அவர் இல்லாத தேர் எந்தத் தேரடிக்கும் திரும்பி வந்ததில்லை.

மூன்றாமவர் வயசாளி. வீதி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று வையுங்கள். பி எவ்வளவு இழுத்தாலும் தேர் ஒரு முழம் தள்ளியேதான் ஓடும், ஏனென்றால் பிழை இருந்தால்தான் பி இழுக்கும். பெரியவர் அந்த ஒரு முழத்தை முதல் அடியிலிருந்தே மனசுக்குள் கூட்டிக்கொண்டு வருகிறார். கணக்கு ஏற ஏற “வலப்பக்கம் இன்னும் நாலு பேர் போங்கடா” என்கிறார். பிழை போன பிறகும் அந்த நாலு பேர் அங்கேயே நிற்பார்கள். அவர் ஐ. பேட்டரியைச் சற்றே கோணலாகக் கட்டினாலும், எதிர்க்காற்று ஓயாமல் தள்ளினாலும் அவர்தான் சமாளிக்கிறார். இவருக்கு ஒரு வியாதியும் உண்டு. சக்கரம் ஒரு கல்லில் மாட்டித் தேர் நகராமல் நின்றால், இவர் கணக்கு ஏறிக்கொண்டே போகும், ஊரே ஒரு பக்கத்தில் வந்து குவிந்துவிடும். கல் விலகிய கணத்தில் தேர் பாயும் பாய்ச்சல் இருக்கிறதே! தரையில் ஓடவிட்டு ட்ரோனைக் கையால் பிடிக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். (இதோடு ஒப்புமையை முடிக்கச் சொல்லி ஆசிரியர் குழுவிலிருந்து குறிப்பு வந்துவிட்டது. தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை.)

இந்த மூவரும் கூடிப் பேசி முடிவெடுப்பது நொடிக்கு 8,000 முறை. மணிக்கு 100 கிலோமீட்டரில் பறக்கும் ட்ரோன், ஒரு முடிவுக்கும் அடுத்த முடிவுக்கும் இடையே நகரும் தூரம் மூன்றரை மில்லிமீட்டர்.

கஷ்டம் கட்டைக்காரரால்தான் வருகிறது. அவர் வேலை மாற்றத்தின் வேகத்தைப் பார்ப்பது. வீதியில் சின்னச் சின்னச் சரளைக்கல் கிடந்து சக்கரம் படபடத்தால், அதையும் அவர் பெரிய திருப்பம் என்று எண்ணிக் கட்டையைச் செருகி எடுத்து, செருகி எடுத்து, புகை வந்துவிடும். ட்ரோனில் அந்தச் சரளைக்கல் மோட்டாரின் அதிர்வு. இறக்கை நிமிடத்துக்கு 27,000 சுற்று சுற்றினால் ஃப்ரேம் நொடிக்கு 450 முறை அதிரும். அதிர்வு சிறியதுதான், ஆனால் வேகமானது. டி பார்ப்பது வேகத்தை மட்டும். ஆகவே மோட்டாரை முடுக்கி, அடக்கி, முடுக்கி, அடக்கி, தொட்டால் கை சுடும் அளவுக்குக் காய்ச்சிவிடும். அதிர்வை வடிகட்டலாமே என்றால், வடிகட்டி எல்லாவற்றையும் தாமதப்படுத்தும். தாமதமாக வரும் முட்டுக்கட்டையால் யாருக்கு லாபம்? இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. மோட்டார் இப்போது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஈ.எஸ்.சி.யே போர்டுக்குச் சொல்கிறது. அந்த அதிர்வெண்ணை மட்டும் குறிவைத்து வெட்டிவிட்டு மீதியைத் தொடாமல் விட்டால் போதும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரின் ஒரே சுருதியை மட்டும் காதிலிருந்து கழித்துவிட்டுக் கேட்பதுபோல. ஆனால் இந்த ஒத்துக்காரர்கள் நான்கு பேர், ஆளுக்கொரு சுருதி, அதுவும் நொடிக்கு நொடி மாறும்.

வரலாறு இல்லாவிட்டால் கட்டுரை இல்லை என்பார்கள். சரி. நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளர் கப்பலில் சுக்கான் பிடிப்பவர்கள் எப்படித் திருப்புகிறார்கள் என்று கவனித்து, இந்த மூன்று உறுப்புச் சூத்திரத்தை 1922இல் எழுதினார். ‘நியூ மெக்ஸிகோ’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் சோதித்தார்கள். 2009இல் நின்டெண்டோ தன் ‘வீ’ விளையாட்டுக் கருவிக்கு ஜைரோ வைத்த துணைப்பாகம் ஒன்றை விற்றது. பொழுதுபோக்காளர்கள் அதை உடைத்து ஜைரோவை எடுத்து ட்ரோனில் வைத்தார்கள். அப்படிப் பிறந்த ‘மல்ட்டிவீ’ நிரலின் வம்சத்தில் வந்ததுதான் இன்று பந்தயத்தில் பரவலாக ஓடும் ‘பீட்டாஃப்ளைட்’. 2016இல் துபாயில் நடந்த உலகப் போட்டியில் இரண்டரை லட்சம் டாலர் பரிசு வென்ற அணியின் ஓட்டுநர் லூக் பானிஸ்டருக்கு வயது 15. போதும்.

கண்மாய்க்குத் திரும்புவோம். மடிக்கணினியைப் பொட்டலிலேயே வைத்து, போர்டு 180 டிகிரி திரும்பியிருக்கிறது என்று ஒரு கட்டத்தில் எண்ணை அடித்தோம். மண்ணைத் துடைத்து இறக்கைகளை மாட்டினோம். உடைந்தது இரண்டுதான், மற்ற இரண்டும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. இந்த முறை ட்ரோன் இடுப்பளவு உயரத்தில் எழும்பி, கயிறு கட்டித் தொங்கவிட்டதுபோல் நின்றது. பையன் மூச்சு விடவில்லை. கருவேல மரத்தைச் சுற்றி ஒன்று, மடைக்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டரை நிமிடம் சுற்றிவிட்டு இறக்கினான்.

இறக்கியதும் மோட்டார்களை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. பின்பக்க வலது மோட்டாரைத் தொட்டவன் விரலை உதறினான். அதன் இறக்கையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நுனியில் அரை மில்லிமீட்டர் போலக் களிமண் கடித்த தழும்பு. அந்த ஒரு நுனிக்காகக் கட்டைக்காரர் இரண்டரை நிமிடமும் செருகிச் செருகி எடுத்திருக்கிறார். புது இறக்கை மாட்டி மறுபடி பறக்கவிட்டோம். நான்காவது மோட்டாரும் வெதுவெதுப்புக்கு வந்தது.