கரையும் கல், உரியும் கல்

வலையபட்டியின் பழைய வீடுகளில் சுவரைத் தொட்டால் சித்திரை வெயிலிலும் கை குளிரும். சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய பூச்சு அது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும்.

குகை உண்டாவதைப் புரிந்துகொள்ள இந்தச் சுவரே நல்ல தொடக்கம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று லேசாகப் புளிக்கிறது. அந்தப் புளிப்புக்குச் சுண்ணாம்புப் பாறை கரையும். மயிரிழை வெடிப்பு வாய்க்காலாகி, வாய்க்கால் மண்டபமாகிறது. நிலத்தடி நீர் கீழே இறங்கியதும் மண்டபத்தில் காற்று நிறைகிறது. பிறகு கூரையில் கசியும் ஒவ்வொரு சொட்டும் தன் வாயுவை விட்டுவிட்டு, கரைத்து வந்த சுண்ணாம்பைத் துளி அளவு படியவைக்கிறது. சுவர்ப் பூச்சு வாயுவை வாங்கிக் கல்லாகிறது. குகைச் சொட்டு வாயுவை விட்டுக் கல்லாகிறது. ஆந்திராவின் போரா குகையில் கூரையிலிருந்து தொங்கும் விழுதுகளும் தரையிலிருந்து எழும் தூண்களும் இப்படி வளர்ந்தவையே. மேகாலயத்தின் மவ்ம்லு குகையில் வளர்ந்த ஒரு தூணில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் மழை பொய்த்த காலம் பதிவாகியிருந்தது. அதை வைத்தே இன்று நாம் வாழும் நிலவியல் காலத்துக்கு 2018-இல் ‘மேகாலயன்’ என்று பெயரிட்டார்கள்.

நம் வலையபட்டிப் பக்கத்தில் அப்படி ஒரு குகை கிடையாது, ஏனென்றால் நம்முடையது கருங்கல் பூமி. பிள்ளையார்பட்டியில் நாம் குனிந்து கும்பிடும் கருவறை உளி குடைந்த குடைவரை. இயற்கை செய்த குகையையும் மனிதன் செய்ததையும் ஒரே குன்றில் பார்க்க வேண்டுமானால் புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் போக வேண்டும். தாமரைக் குளம் தீட்டிய அறிவர் கோயில் குடைந்தது. கிழக்குச் சரிவில், ஏழடிப்பட்டம் என்னும் படிக்குழிகளைக் கடந்து போனால் வரும் குகைத்தளம் தானாக அமைந்தது.

கரையாத கல்லில் குகை எப்படி வந்தது? இந்தப் பாறைகள் பூமியின் ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் உருவானவை. மேலே கிடந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிபட்டுப் போனதும், அமுங்கிக் கிடந்த பாறை விம்மியது. விம்மியபோது மேற்பரப்பை ஒட்டியே பிளந்து, வெங்காயம்போல் அடுக்கடுக்காக உரிந்தது. பிளவுக்குள் மழைநீர் புகுந்தது. கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் அந்த ஈரத்தில் மெல்லக் களிமண்ணாக மாறும். பகல் சூடும் இரவுக் குளிரும் மரவேர்களும் பிளவை அகட்டும். பிடி தளர்ந்த அடிப்பாறை துண்டுதுண்டாகச் சரிந்து விழ, மேலடுக்கு கூரையாக நின்றுவிடுகிறது. மதுரைப் பக்கத்தில் இதைப் புடவு என்பார்கள். சமணர் மலையின் செட்டிப்புடவு பலரும் பார்த்திருக்கக்கூடியது.

இந்தப் புடவுகளில்தான் 2,000 ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் தங்கினார்கள். தண்ணீரின் போக்கை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பல குகைத்தளங்களின் நெற்றியில், வழிந்து வரும் மழைநீர் உள்ளே இறங்காமல் வெளியே சொட்டும்படி நீளமாகக் காடி வெட்டியிருப்பார்கள். அதன் கீழே தமிழி என்னும் பண்டைத் தமிழ் எழுத்தில் கல்வெட்டு, உள்ளே வழவழப்பான கற்படுக்கைகள். ஏழடிப்பட்டத்தில் மட்டும் 17 படுக்கைகள்.

பாறை உரிவது நின்றுவிடவில்லை, ஆனால் அந்த வேகத்தை மனித ஆயுளால் அளக்க முடியாது. பாறையைத் தகர்க்கும் வெடிமருந்தின் வேகமோ நமக்கே தெரியும். போரா குகையில் ஒடிந்த விழுது, சொட்டு நிற்காதவரை, என்றோ ஒருநாள் மறுபடி வளரலாம். தகர்ந்த கருங்கல் புடவு வளராது. தமிழிக் கல்வெட்டுள்ள அரிட்டாபட்டி மலைப்பகுதி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் அந்த வட்டாரம் 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டது. ஊர் ஊராக மக்கள் திரண்டு போராடிய பிறகு, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

சித்தன்னவாசல் போகிறவர்கள் ஓவியத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளைக் கைபிடித்து ஏழடிப்பட்டம் ஏற்றி, படுக்கைகளுக்கு மேலே கவிந்திருக்கும் பாறையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் யாரும் பெயர் கீறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.