சொர்க்கவாசல்: மறுமையை நடந்து காணும் திருநாள்

மறுமையைப் பற்றிச் செவியால் கேட்பதைவிடக் கண்ணால் கண்டு, காலால் நடந்து உணர்வது நெஞ்சில் ஆழப் பதியும். இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மார்கழி வளர்பிறை ஏகாதசியன்று திருமால் ஆலயங்களில் திறக்கப்படும் சொர்க்கவாசலே இதற்குச் சான்றாகும்.

மது, கைடபர் என்னும் அசுரர் இருவர் பெருமாளிடம் முக்தி பெற்றபோது, இவ்வாயிலைக் கடக்கும் அன்பர் யாவர்க்கும் அப்பேறு கிட்ட வேண்டும் என வரம் கேட்டனர் என்பது ஐதிகம். திருவரங்கத்தில் அதிகாலையில் நம்பெருமாள் பரமபதவாசல் வழியே எழுந்தருள, அடியார்கள் பின்தொடர்வர். இராப்பத்து நிறைவில் நம்மாழ்வார் மோட்சம் நடைபெறும். அர்ச்சகர்கள் ஆழ்வாரின் திருமேனியைக் கைகளில் ஏந்திச் சென்று, பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுவர். பின்னர், உலகம் உய்ய அவரை மீளத் தருமாறு வேண்டிப் பெறுவர்.

சிங்கப்பூரில் 1937இல் அமைந்த ஹாவ் பார் வில்லாவில், சீனர் நம்பிக்கையின்படி நரகத்தின் 10 நீதிமன்றங்களைச் சிலைகளாகக் காணலாம். அங்கே தண்டனையின் அச்சம் அறம் புகட்டுகிறது; சொர்க்கவாசலில் அருளின் நம்பிக்கை புகட்டுகிறது.

அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் உபவாசமும் இரவுக் கண்விழிப்புமே. கண்விழிப்புக்குத் துணையாக வந்தது பரமபத சோபான படம். தாயம் உருட்டி, நற்குண ஏணியில் ஏறியும் தீக்குணப் பாம்பால் இறங்கியும் வைகுண்டம் சேரும் அவ்விளையாட்டில், சிறுவரும் வினைப்பயனை உணர்ந்தனர்.

விரதத்தை மறந்து வாயிலை மட்டும் நாடினால் அவசரமே மிஞ்சும். 2025 ஜனவரி 8ஆம் நாள், வைகுண்டவாசல் தரிசனச் சீட்டுக்காகத் திருப்பதியில் கூடிய கூட்டத்தின் நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். பிறரைத் தள்ளிவிட்டு நுழையும் வாயில் வைகுண்டம் ஆகுமோ?

பேராக்கில் இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டபோது, தோட்ட மக்கள் பலர் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய நகரங்களில் குடியேறினர். அண்டை வீட்டார் ஒன்றுகூடி விரதம் காத்த லயத்து வாழ்வு இன்றில்லை. ஆலய மண்டபமே இனி அவர்களுக்கு அந்த முற்றம். ஏகாதசி இரவில் அங்கே பரமபதப் படத்தை விரித்து, பெரியோர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும். விடியலில் முதியோருக்கும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாருக்கும் முதலில் வழிவிட்டு, மற்றவர் பின்னே நடக்கட்டும். அந்தப் பொறுமையே வைகுண்டத்தின் முதற்படி.