ஒலிப்பதிவில் சீறும் சகரம்

ஆசை, இசை, பாசம் முதலிய சொற்களில் உயிரொலிகளுக்கு இடையே வரும் சகரத்தையோ, ஸ, ஷ என்னும் கிரந்த எழுத்துகளையோ ஒலிக்கும்போது, நாக்கு மேல்ஈற்றை நெருங்கி ஓர் ஒடுங்கிய வழியை உண்டாக்க, அதனூடே விரையும் மூச்சுக்காற்று பற்களின் விளிம்பில் மோதிச் சீறலாக வெளிப்படுகிறது. நேரில் கேட்கையில் உறுத்தாத இந்த ஒலி, பதிவில் மட்டும் காதைக் குத்துவதற்குப் பாடுபவரின் உச்சரிப்பைக் குறைகூறுவது பெரும்பாலும் நியாயமன்று.

ஸகர ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அதிர்வெண்களில் செறிந்திருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் கண்டென்சர் மைக்குகள் பலவும், குரலுக்குத் தெளிவு கூட்டும் பொருட்டு, அதே பகுதியைச் சற்றே உயர்த்திப் பதிகின்றன. பின்னர், ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் உரத்த உயிரொலிகளை அடக்கிவிட்டு மொத்த அளவையும் உயர்த்தும்போது, அடங்காமல் நின்ற சீறல் மேலும் எடுப்பாகிவிடுகிறது.

ஆகவே, தீர்வைப் பதிவுக்குப் பின் தேடுவதைவிட மைக்கின் முன்னே தேடுவதே சிறந்தது. உயர் அதிர்வெண் ஒலிகள் வாய்க்கு நேரே குறுகிச் செல்ல, தாழ்ந்தவை எல்லாப் பக்கமும் பரவுவதால், மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பியோ மூக்கின் உயரத்திற்கு ஏற்றியோ வைத்து, 15 முதல் 20 சென்டிமீட்டர் விலகிப் பாடினால், குரலின் செழுமை அதிகம் குறையாமலே சீறல் தணிகிறது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே வைக்கப்படும் பாப் ஃபில்டர் என்னும் வலைத்திரை, பகரத்தோடு வெடித்து வரும் காற்றைத் தடுக்குமேயன்றி, இதற்குப் பெரிதாக உதவாது. கூர்மையான குரலுக்கு, உயர் ஒலிகளை மென்மையாக ஏற்கும் ரிப்பன் மைக் பொருத்தமாக அமைவதுண்டு.

இவற்றையும் மீறி எஞ்சுவதற்கே டீ-எஸ்ஸர் தேவைப்படுகிறது. குறித்த அதிர்வெண் பகுதி வரம்பைக் கடக்கும் கணங்களில் மட்டும் ஒலியைக் குறைக்கும் இக்கருவியை, இசைத்தட்டு வெட்டும் பொறியாளர்களும் நம்பியிருந்தனர். ஏனெனில், மிகையான சீறல் தட்டின் பள்ளங்களில் சிதைந்து கரகரத்தது. ஆயினும் அளவு மீறினால் பாடுபவருக்கு நா குழறுவதுபோல் தோன்றிச் சொல்லின் உயிரே போய்விடுமாதலால், பொறுமையுள்ள ஒலிப்பதிவாளர்கள் கணினித் திரையில் அடர்ந்த இழைகளாகத் தெரியும் ஒவ்வொரு ஸகரத்தையும் கையாலேயே சில டெசிபல் குறைக்கிறார்கள். ஒரே வரியைப் பலமுறை பாடி அடுக்கும்போது, சீறல்கள் முன்பின்னாக விழாதிருக்க, துணைக் குரல்களில் அவ்வெழுத்தை மெல்ல விழுங்கிப் பாடுமாறு கேட்டுக்கொள்வதும் அவர்களுடைய வழக்கம்.