சந்தோஷத்துக்கு ஒரு மலைப் பிரயாணம்

சித்திரை மாதத்தில் சேலத்துக்காரர்களிடம் வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் ஒரு புராணமே பாடி விடுவார்கள். பாடி முடித்த பிறகு வடகிழக்குப் பக்கம் கையை நீட்டி, "ஆனால் அதோ ஏற்காடு இருக்கிறதே!" என்பார்கள். அந்தப் பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சேர்வராயன் மலைமேல் ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரை அடைய, சேலத்திலிருந்து மோட்டாரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமானாலே ஏராளம். இருபது கொண்டையூசி வளைவுகளைத் தாண்டினால் வேறு உலகம். உதகமண்டலத்தின் ஆடம்பரமும் கிடையாது. கோடைக்கானலின் கூட்டமும் அவ்வளவாகக் கிடையாது. காப்பித் தோட்டங்கள், மிளகுக் கொடி படர்ந்த மரங்கள், நடுவே ஓர் ஏரி.

இந்த மலைக்கு யார் யார் போகிறார்கள்? புதிதாக மணமானவர்கள் போகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிறார்கள். வைகாசியில் சேர்வராயனைத் தரிசிக்க மலைவாழ் மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நாம் இன்று சிபார்சு செய்யப்போவது வேறொரு விருந்தாளியை. புற்றுநோய் உடம்பில் பரவிவிட்டது, இனி அதை முற்றும் நீக்க இயலாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட ஒருவரை.

"என்ன ஐயா இது! வீட்டிலே இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். நீர் உல்லாசப் பிரயாணத்துக்கு டிக்கெட் வாங்கச் சொல்கிறீரே?" என்று நேயர்களில் சிலர் கோபித்துக் கொள்ளலாம். கோபம் நியாயமானதே. ஆயினும், அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று எட்டிப் பார்ப்போம்.

வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று பிள்ளைகள் தாழ்வாரத்தில் கூடிக் கிசுகிசுக்கிறார்கள். அப்பாவுக்கோ எல்லாம் தெரியும். பிள்ளைகள் மனம் நோகக்கூடாதென்று அவரும் தெரியாதவர்போல் இருக்கிறார். ரேடியோவை நிறுத்தியாகிவிட்டது. பேரக் குழந்தைகள், "தாத்தாவைத் தொந்தரவு செய்யாதே" என்று விரட்டப்படுகிறார்கள். நாற்பது வருஷமாக அவர் ஒருநாளும் விட்டறியாத எலுமிச்சங்காய் ஊறுகாய், எந்த வைத்தியரும் சொல்லாமலே பத்தியத்தின் பேரால் பரண்மேல் ஏறிவிட்டது. நோயாளி அம்மாவாக இருந்தால் இன்னும் மோசம். தம் சொந்தச் சமையலறைக்குள் நுழையக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. பார்க்க வரும் உறவினர்கள் வாசற்படியிலேயே முகத்தை மாற்றிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். நோய் அவருக்கு மிச்சம் வைத்த இன்பங்களை எல்லாம் அன்பின் பேரால் நாமே ஒவ்வொன்றாகப் பறித்துக் கொண்டு விடுகிறோம்!

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. அதற்குச் சாட்சி தேடித் தூர தேசம் போக வேண்டியதில்லை. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி, அரூர், ஊத்தங்கரை, செங்கம் வழியாகச் சென்றால் திருவண்ணாமலை வருகிறது. அங்கே ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே 1948-ஆம் வருஷத்தின் இறுதியில் ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அதை அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அது மறுபடியும் வந்தது. புற்று என்று அப்போதுதான் தெரிந்தது. சென்னையிலிருந்து டாக்டர்கள் வந்து மார்ச்சில் இரண்டாம் முறை அறுத்தார்கள். ஆகஸ்டில் மூன்றாம் முறை. டிசம்பரில் நான்காம் முறை. ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். நாட்டு வைத்தியம், ஹோமியோபதி ஒன்றும் பாக்கியில்லை. அந்நாளில் அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகூட ஏற்பட்டிருக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் அது திறக்கப்பட்டது 1954-இல்தான். கையையே எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் யோசனை சொன்னபோது, இந்த உடம்பே ஒரு வியாதிதானே, அதை ஏன் வெட்ட வேண்டும் என்று மகரிஷி மறுத்துவிட்டார்.

அவருடைய ஞானத்தைப் பற்றிப் பேச நமக்கு அருகதை இல்லை. நம்மைக் கவர்வது அவருடைய வேடிக்கைப் பேச்சு. கடைசி நாட்களில் ஒரு பக்தை துக்கம் தாங்காமல் வெளியே தூணில் தலையை மோதிக்கொண்டாளாம். உள்ளே படுத்திருந்தவர் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். யாரோ தேங்காய் உடைக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன் என்றாராம்! மூச்சு விடவே சிரமப்பட்ட நிலையிலும், கூரைமேல் மயில் கூவியதைக் கேட்டு, அதற்குத் தீனி போட்டாயிற்றா என்று விசாரித்தார். 1950 ஏப்ரல் 14-ந் தேதி, அதுவே அவருடைய இறுதி நாள், உடம்பைப் பிடித்துவிட்டுக் கொண்டிருந்த தொண்டர்களைப் பார்த்து, இங்கிலீஷ்காரர்கள் 'தாங்க்ஸ்' என்கிறார்கள், நாம் 'சந்தோஷம்' என்று மட்டும் சொல்கிறோம் என்றார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சந்தோஷம் என்று சொல்வது தமிழ் நாட்டு வழக்கம்தான். ஆனால் அந்த நாளில், அந்தப் படுக்கையிலிருந்து அந்த வார்த்தை வந்ததே!

"அவர் மகான், நாங்கள் சம்சாரிகள்" என்று நேயர்கள் உடனே சொல்வார்கள். ரொம்ப சரி. இறுதிக்கு முதல் நாள் மார்புச் சளிக்காக டாக்டர் கொண்டு வந்த மருந்தை மகரிஷி வேண்டாம் என்றுவிட்டார். அதைப் பார்த்து நம் வீட்டுப் பெரியவரும் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுக்க வேண்டும் என்று சொல்வது அக்கிரமம். சம்சாரிக்கு முதலில் வலி தீர வேண்டும். இரவெல்லாம் எலும்பைக் குடையும் வலியில் புரண்டவரிடம் போய் ஏற்காட்டு ஏரியைப் பற்றிப் பேசினால் அது கேலியாகவே முடியும்.

வலியைத் தீர்க்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. மார்பின் என்னும் மருந்து அபினிலிருந்து வருவது, மலிவானது, ஊசிகூட வேண்டாம், மாத்திரையாகவே விழுங்கலாம். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணிக்கொரு தரம் கொடுப்பதே முறை. முதல் சில நாள் தூக்கம் வரும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு. டாக்டர் மேற்பார்வையில் வலிக்காகச் சாப்பிடுகிறவர் அபின்காரராகி விடுவார் என்பது பெரும்பாலும் வீண் பயம். அபினை விளைவித்து உலகத்துக்கே கொடுக்கும் நம் தேசத்தில், நம்முடைய நோயாளிகளுக்கு மட்டும் அது கிடைக்காமல் போன கதை வெட்கக்கேடானது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் மார்பினையே கைவிட்டன. 2014-இல்தான் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியைச் சுலபமாக்கிற்று.

இதற்கிடையில் கோழிக்கோட்டு வைத்தியக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993-இல் ஒரு சிறு வலி நிவாரண நிலையத்தைத் தொடங்கினார்கள். அது மலையாள நாடு முழுவதும் கிளை விட்டது. அண்டை வீட்டாரே தொண்டர்களாகி நோயாளியின் வீட்டுக்குப் போகிறார்கள். மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாதவர்களை வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்கு அழைத்துப் போவதும் அங்கே உண்டு. நம் ராஜ்யத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை சேர்ந்திருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

இத்தகைய சிகிச்சையை நாடுவது கைகழுவுவது ஆகாதா என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியை அறிய வேண்டும். பரவிவிட்ட நுரையீரல் புற்றுள்ள 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான மருந்துகளைக் குறைவாகவே ஏற்றார்கள். ஆயினும் மற்றவர்களைவிடச் சில மாதங்கள் அதிகமாகவே வாழ்ந்தார்கள். இடைநிலைக் கணக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

இதைப் படித்ததும், 'சிரித்தால் புற்று கரைந்துவிடும்' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அப்படி ஒன்றும் இல்லை. சிரிப்பு மருந்தல்ல. அதை மருந்தாக்கிவிட்டால், நோய் முற்றும்போது, "நீர் தைரியமாக இல்லாததால்தான் இப்படி ஆயிற்று" என்று பழியையும் நோயாளியின் தலையிலேயே போடுவோம். அதைவிடக் கொடுமை உண்டா? அழ வேண்டும்போல் இருக்கும் நாளில் அவர் அழட்டும். சிரிக்கத் தோன்றும் நாளில் நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்பதும் இதோடு பிணைந்த விஷயம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரையே கேட்பதுதான் மரியாதை. தெரிந்தவர் ஒருவர் கணக்குப் போட்டுக் கொள்ளலாம்: இந்த மாதம் யாரைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது, எந்தப் பழைய சண்டையைத் தீர்ப்பது, எங்கே போவது என்று. மறைக்கப்பட்டவருக்கு எல்லாம், "உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற பதில்தான். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை.

இனி ஏற்காட்டுக்குப் புறப்படுவோம். டாக்டரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவர்களும், இரத்தம் மிகக் குறைந்தவர்களும் அவர் சொல்படியே நடக்கட்டும். மருந்து ஏற்றிய சில நாட்களுக்குக் கூட்டம் ஆகாது. மே மாதத்துக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அழகுதான், ஆனால் அந்த ஜன சமுத்திரம் நமக்கு வேண்டாம். வார நாட்களில் போகலாம். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை வளைவுகள் தொடங்குமுன்பே கொடுத்துவிட வேண்டும். வலி மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியோடு வண்டியின் பின்புறம் போய்விட்டால், எட்டாவது வளைவில் தேடிக்கொண்டிருக்க நேரிடும். டாக்டரின் கடிதம் ஒன்று அவசியம். பெரிய ஆஸ்பத்திரிகள் கீழே சேலத்தில்தான்.

மேலே போனபின் எல்லாவற்றையும் பார்த்தே தீரவேண்டும் என்று ஓடக்கூடாது. ஒரு நாளைக்கு ஓர் இடம். இந்த நோயில் களைப்பு என்பது தூங்கி எழுந்தால் தீருகிற களைப்பல்ல. கையிலுள்ள சொற்பக் காசைப் போல் பலத்தை எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும். கிளியூர் அருவிக்கு இறங்குகிற பாதை செங்குத்தானது. அதை வாலிபர்களுக்கு விட்டுவிடலாம். பகோடா பாயிண்டுக்கும் சீமாட்டி ஆசனத்துக்கும் வண்டி வெகு அருகே போகும். ஏரிக்கரையோ நடக்க மாட்டாதவருக்கென்றே அமைந்தது. பேரன் மிதிபடகில் ஏறி, நேராகப் போகத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வருவதைக் கரையில் நாற்காலியில் சாய்ந்தபடி தாத்தா பார்த்துக்கொண்டிருக்கலாம். தாமே துடுப்புப் படகில் ஏற ஆசைப்பட்டால், ஓட்டியும் தோணிக்காரருமாக இருவர் தாங்கிக்கொண்டால் நடவாததல்ல. கடையில் மிளகாய் பஜ்ஜியின் வாசனை வருகிறது. ஒன்று முழுதாக அவரால் சாப்பிட முடியாது; சிகிச்சையால் நாக்கின் ருசியும் மாறிப் போயிருக்கும். பாதி கடித்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்று குறை சொல்வார். வீட்டில் பல மாதமாக எதையும் குறை சொல்லாமல் கஞ்சியைக் குடித்துக் கொண்டிருந்தவர் அல்லவா? அந்தக் குறையைக் கேட்கும் மனைவிக்கு அது சங்கீதமாக இருக்கும்.

கோடை மழை ஒன்று பெய்த பின் போக வாய்த்தால், காப்பிச் செடிகள் பூத்திருக்கும். சரிவு முழுவதும் வெண்மை. மல்லிகையை நினைவூட்டும் மணம். சில நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும். சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820-களை ஒட்டி இங்கே கொண்டு வந்து நட்ட பயிர் அது. பிறகு எத்தனை மலைவாசிகளின் உழைப்பால் அது தழைத்தது என்பதைச் சரித்திரப் புத்தகங்கள் அவ்வளவாக எழுதவில்லை.

மலையேற முடியாதவர்கள் என்ன செய்வது? யாராவது ஒருவர் போய் ஏற்காட்டுக் கமலாப்பழமும் புதிதாய் வறுத்த காப்பிக் கொட்டையும் வாங்கி வரட்டும். கொட்டையை வீட்டிலேயே, அவர் படுத்திருக்கும் கூடத்திலேயே வைத்து அரைக்கலாம். குடிக்க முடியாவிட்டாலும் வாசனைக்கு எந்தப் பத்தியமும் இல்லை. பக்கத்து வீட்டு நண்பரோடு சீட்டாட்டம் ஒரு கை போடலாம். ஆனால் நோயாளி என்று இரக்கப்பட்டு ஆட்டத்தை விட்டுக் கொடுக்கக்கூடாது. அதை அவர் கண்டுபிடித்துவிடுவார்.

போகிறவர்கள் மாலையில் சீமாட்டி ஆசனத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய் இடம் பிடிப்பது நல்லது. வானம் தெளிவாயிருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கம் தகடு போலத் தெரியும். இருட்டத் தொடங்கியதும் கீழே சேலம் நகரில் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏற்றப்படும். "அதோ அந்த விளக்கு நம் தெருவாக இருக்குமோ?" என்று அவர் கேட்பார், இல்லை, அது ஜங்ஷன் என்று பிள்ளை சொல்வான், விவாதம் கொஞ்ச நேரம் நடக்கும். குளிர் அடிக்கும். சால்வையும், பிளாஸ்கில் சூடான பாலும் மறக்க வேண்டாம். திரும்பும்போதும் வண்டியின் முன் ஆசனம் அவருக்குத்தான். வளைவுகளில் அங்கே குலுக்கல் குறைவு, டிரைவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டும் வரலாம்.