சந்தன விதையும் துணைச்செடியும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி நகரின் வழியே கமண்டல நாகநதி செல்கிறது. இந்நதி பிறக்குமிடம் ஆரணிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் சவ்வாது மலையாகும். அம்மலை சந்தன மரங்களுக்குப் புகழ்பெற்றது. மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் சந்தனக் கட்டைகளைத் தரம்பிரித்து ஏலமிடும் அரசுக் கிடங்கு உள்ளது. சங்க இலக்கியம் சந்தனத்தை ஆரம், சாந்தம் என்னும் பெயர்களால் குறிப்பிடுகிறது. மேற்கு மலையில் விளைந்த சந்தனம் காவிரிப்பூம்பட்டினத்தை வந்தடைந்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது.

இத்தகைய நெடிய வரலாறுடைய மரம் இன்று காடுகளில் அருகிவருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் வாய்ப்புள்ள இனங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டுள்ளது. சந்தனத்தின் மணம் தண்டின் வைரப்பகுதியில் மட்டுமன்றி வேரிலும் நிறைந்திருக்கிறது. எனவே மரத்தை வேரோடு அகழ்ந்தெடுப்பது வழக்கமாயிற்று. வேர் போன இடத்தில் மறுதளிர் தோன்ற வழியில்லை. மேலும், வைரம் மிகுந்த முதிர்ந்த மரங்களையே திருடர் நாடுகின்றனர். நல்ல விதைகளை மிகுதியாகத் தருவனவும் அம்மரங்களே. ஆகவே, ஒரு முதிர்ந்த மரம் களவுபோகும்போது அதன் வழித்தோன்றல்களும் உடன் இழக்கப்படுகின்றன. இவ்விழப்பை ஈடுசெய்ய விதைகளை முறையாகத் திரட்டிக் காத்து முளைக்கச் செய்தல் இன்றியமையாதது.

விதை சேகரிப்பு

சந்தன மரம் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பூத்துக் காய்க்கும். ஏறத்தாழ 1 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கனி, பச்சை நிறத்திலிருந்து சிவந்து, பின்னர் கருநீலமாக மாறும். கருநீலக் கனியே முதிர்ந்தது. ஒவ்வொரு கனியிலும் ஒரு விதை இருக்கும். குயில், கொண்டைக்குருவி போன்ற பறவைகள் கனிகளை உண்டு விதைகளைப் பரப்புகின்றன. காட்டில் புதர்களின் அடியில் சந்தனக் கன்றுகள் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

நோயற்ற, முதிர்ந்த மரங்களிலிருந்தே கனிகளைப் பறித்தல் வேண்டும். இலைகள் சிறுத்துக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் ஸ்பைக் நோய் தாக்கிய மரம் விதை தருவதில்லை. ஒரே மரத்திலிருந்து திரட்டாமல் பல மரங்களிலிருந்து சிறிது சிறிதாகத் திரட்டினால், கன்றுகளிடையே மரபு வேறுபாடு நிலைக்கும். திரட்டிய கனிகளை நீரில் ஊறவைத்துத் தேய்த்துச் சதையை நீக்க வேண்டும். நீரில் மிதக்கும் பதர்களை அகற்றி, எஞ்சியவற்றை நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கிலோகிராம் எடையில் ஏறத்தாழ 6000 விதைகள் இருக்கும்.

சேமிப்பு

புதிய சந்தன விதை உடனே முளைப்பதில்லை. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உறங்குநிலையில் இருக்கும். அதே வேளையில், சாதாரணச் சேமிப்பில் அதன் முளைப்புத்திறன் ஒன்பது மாதங்களுக்குப் பின் வெகுவாகக் குறைகிறது. எனவே விதைப்பதற்குரிய காலம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாகும். நன்கு உலர்ந்த விதைகளைக் காற்றுப்புகாக் கலன்களில் இட்டு, ஈரமற்ற குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். திரட்டிய இடத்தையும் நாளையும் கலத்தின்மீது எழுதுதல் நன்று. நாள் தெரியாத விதையின் முளைப்புத்திறனைக் கணிக்க இயலாது.

முளைப்பு

கடினமான ஓட்டினாலும் உறக்கத்தாலும் சந்தன விதைகள் காலம் தாழ்த்தி, சீரின்றி முளைக்கும். இதனைச் சீர்செய்ய, 0.05 விழுக்காடு ஜிப்ரெலிக் அமிலக் கரைசலில் விதைகளை ஓர் இரவு முழுவதும் ஊறவைப்பர். ஒரு லிட்டர் நீருக்கு அரை கிராம் என்பது அதன் அளவு. பின்னர், மணல் மூன்று பங்கும் செம்மண் ஒரு பங்கும் கலந்த மேட்டுப்பாத்தியில் விதைத்து வைக்கோலால் மூடுவர். ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப் பின் முளைகள் தோன்றத் தொடங்கும். எண்ணெய்ச் சத்துள்ள பருப்பை எலியும் அணிலும் விரும்புவதால் பாத்திக்குக் கம்பிவலை தேவை. நீர் தேங்கினால் பூஞ்சை தாக்கி நாற்றுகள் அழுகும்.

துணைச்செடி

நான்கு முதல் ஆறு இலைகள் விட்டதும், ஆணிவேர் அறுபடாமல் நாற்றுகளைப் பைகளுக்கு மாற்ற வேண்டும். அப்பையிலேயே துவரையையும் விதைப்பது மரபு. சந்தனம் ஒரு பகுதி ஒட்டுண்ணி. தனக்குரிய உணவை இலைகளால் தானே ஆக்கிக்கொள்ளினும், அதன் வேர்கள் அண்டைச் செடியின் வேர்களைப் பற்றி உறிஞ்சு உறுப்புகள் வழியாக நீரையும் கனிமச் சத்துகளையும் பெறுகின்றன. துணையற்ற கன்று வெளிறி மெலியும். துவரை ஓங்கி நிழலிடாதவாறு அவ்வப்போது அதனைக் கத்தரித்தல் வேண்டும். ஆறு முதல் எட்டு மாதங்களில் கன்று ஓர் அடி உயரம் வளர்ந்து, நடவுக்கு ஏற்றதாகும். நிலத்தில் சவுக்கு, புங்கம் போன்ற மரங்கள் அதற்கு நிலையான துணையாகும்.

உரிமையும் பொறுப்பும்

மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் 1792ஆம் ஆண்டில் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். தமிழ்நாட்டிலும் பட்டா நிலத்துச் சந்தனம் நெடுங்காலம் அரசின் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. காவற்பொறுப்பு மட்டும் தம்மைச் சேர்ந்தமையால், தம் நிலத்தில் தானே முளைத்த கன்றைப் பேண உழவர் தயங்கினர். 2008ஆம் ஆண்டின் விதிகள், பட்டா நிலத்தில் சந்தனம் வளர்த்து வனத்துறையின் வழியாக விற்றுப் பயன்பெற வகைசெய்கின்றன. எனினும், மரத்தில் வைரம் தோன்றப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். அது நன்கு முதிரப் பின்னும் பல ஆண்டுகள் வேண்டும். அத்துணைக் காலமும் மரத்தைக் களவிலிருந்து காப்பது எளிதன்று. அவ்வாறு காக்கப்படும் ஒவ்வொரு மரமும் வைரத்தை விளைவிப்பதோடு, ஆண்டுதோறும் பறவைகளுக்குக் கனியையும் நாற்றங்காலுக்கு விதையையும் வழங்கிக்கொண்டிருக்கும்.